மனவலியிலிருந்து தப்பிக்க நாம் பிடித்துக்கொள்ளும் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை விட முயற்சி செய்கிறவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் உட்கார்ந்து பேசும் ஒரு குழுவில் உதவி செய்துவருகிறேன். இப்போதெல்லாம் குடியோடு சேர்ந்து போன், ஆன்லைன் சூதாட்டம், கேம், விடிய விடிய ஓடும் தொடர்கள் என்று பலதும் அங்கே பேச்சுக்கு வருகின்றன. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அடிக்கடி காதில் விழும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து, சிகிச்சை சம்பந்தப்பட்ட முடிவுகளை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. எந்தப் பழக்கமும் சும்மா வந்து ஒட்டிக்கொள்வதில்லை, அந்த ஆளுக்கு அது ஏதோ ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறது. அது என்ன வேலை என்று பார்க்காமல் பழக்கத்தை மட்டும் பிடுங்கி எறியப் பார்ப்பதால்தான் இத்தனை பேர் இத்தனை தடவை தோற்றுப்போகிறார்கள்.

"கவலையா இருந்தா எல்லாருமே மனசை வேற எதுலயாவது திருப்பத்தானே செய்றோம்? அதுல என்ன தப்பு?"

ஒரு தப்பும் இல்லை. துக்கத்தை இருபத்துநாலு மணி நேரமும் முறைத்துப் பார்த்துக்கொண்டு யாராலும் வாழ முடியாது. கதை படிப்பது, பாட்டு கேட்பது, விளையாடுவது எல்லாமே கொஞ்ச நேரம் நம்மை நம்மிடமிருந்து விடுவிக்கும் வழிகள்தான்.

நார்வேயைச் சேர்ந்த உளவியலாளர் ஃப்ரோட ஸ்டென்செங் 2012-ல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு விஷயத்தில் மூழ்குவது நல்ல அனுபவத்தைத் தேடி நடக்கலாம், அல்லது ஒரு உணர்ச்சியைப் பார்க்காமல் இருப்பதற்காக நடக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒரே கேமை ஒரே அளவு நேரம் விளையாடும் இரண்டு பேர் இந்த இரண்டு பக்கமும் இருக்கலாம். முதல் ஆள் எழுந்திருக்கும்போது தெம்பாக எழுந்திருப்பார். இரண்டாவது ஆளுக்கு எழுந்திருக்கவே பயமாக இருக்கும், ஏனென்றால் விட்டுவிட்டு வந்தது அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது.

"ஜாலிக்குத்தானே எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க? வலிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆரம்பம் பெரும்பாலும் ஜாலிதான், இல்லையென்று சொல்லவில்லை. நண்பர்கள், ஆர்வம், கையில் கிடைத்த சந்தர்ப்பம். ஆனால் தொட்டுப் பார்த்த எல்லோரும் மாட்டிக்கொள்வதில்லையே. ஒருவர் தொடுகிறார், 'நல்லா இருந்தது' என்று நகர்ந்துவிடுகிறார். இன்னொருவர் தொட்டவுடன், பல வருடமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த ஒன்று முதல்முறையாக இறங்குகிறது. இந்த இரண்டாவது ஆளின் மூளை அன்றைக்கே ஒரு பாடம் படித்துவிடுகிறது: இதைச் செய்தால் வலி நிற்கும்.

ஒரு வேதனை விலகுவதால் ஒரு செயல் பலப்படுவதை உளவியலில் எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். இன்பம் கிடைப்பதால் பிடிக்கும் பழக்கத்தைவிட, இப்படி வேதனை விலகுவதால் பிடிக்கும் பழக்கம் பல நேரம் பிடிவாதமானது. அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-ல் எழுதிய கட்டுரையில், போதைப் பழக்கத்தில் இருப்பவர்களில் பலர் தங்களுக்குத் தாங்களே மருந்து கொடுத்துக்கொள்கிறார்கள் என்றார். எல்லோருக்கும் அது பொருந்தாது, ஆனால் நான் பார்த்த வரையில் நிறைய பேருக்குப் பொருந்துகிறது.

"மனசு வலிச்சா அழுதுட்டுப் போக வேண்டியதுதானே, ஏன் ஓடணும்?"

தன் நினைப்போடு தனியாக உட்கார்ந்திருப்பது நாம் நினைக்கிற அளவு சுலபம் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோதி வில்சனும் அவரது குழுவும் செய்த சோதனை ஒன்று 2014-ல் வெளியானது. ஆட்களை 15 நிமிடம் எதுவும் கொடுக்காமல் தனி அறையில் உட்கார வைத்தார்கள். அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அந்த ஷாக் வேண்டவே வேண்டாம், தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்பே சொன்னவர்களில், ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் ஒரு தடவையாவது தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். இவர்கள் சாதாரண மனநிலையில் இருந்தவர்கள். உள்ளே ஒரு சாவு, ஒரு துரோகம், ஒரு அவமானம் கிடக்கிறவருக்கு அந்த 15 நிமிடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, அழுவதும் பழகி வருவதுதான். குழந்தை அழும்போது யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இந்த வேதனை தாங்கக்கூடியதுதான், கொஞ்ச நேரத்தில் குறையும் என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. 'வாயை மூடு', 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்றே கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. பெரியவரான பிறகும் துக்கம் வந்தால் அதை என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியாது. பலவீனம் என்று ஊர் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தெரியாமைதான்.

"சின்ன வயசுல நடந்தது இப்போ வரைக்குமா பாதிக்கும்?"

பாதிக்கும். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆயிரக்கணக்கான பெரியவர்களிடம், சிறு வயதில் அடி, வசை, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது போன்ற அனுபவங்கள் இருந்தனவா என்று கேட்டார்கள். 1998-ல் வெளியான முடிவு இது: நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகை அனுபவங்கள் இருந்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ என் கதை முடிஞ்சது' என்று யாரும் நினைக்க வேண்டாம். இது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. கடினமான குழந்தைப் பருவம் இருந்தும் எந்தப் பழக்கத்திலும் சிக்காதவர்கள் ஏராளம், நல்ல வீட்டில் வளர்ந்து சிக்கியவர்களும் உண்டு.

"டோபமைன் டோபமைன்னு சொல்றாங்களே, அது சந்தோஷ கெமிக்கல்தானே?"

டோபமைன் என்பது மூளையில் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம். அதை அப்படித்தான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1954-ல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் ஒரு மின்கம்பியைப் பொருத்தி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்கும்படி வைத்தபோது, எலிகள் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. இன்பத்தின் இடத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பிற்பாடு கென்ட் பெரிட்ஜ், டெர்ரி ராபின்சன் போன்றவர்கள் செய்த ஆராய்ச்சியில் படம் மாறிவிட்டது. டோபமைன் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கப்பட்ட எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை வைத்தால் அது ரசிக்கத்தான் செய்தது, ஆனால் தானாகப் போய் உணவைத் தேடவில்லை.

ஆக, டோபமைன் அதிகமும் 'வேண்டும், வேண்டும்' என்ற இழுப்பைச் சேர்ந்தது. பிடித்திருப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு, இரண்டுக்கும் மூளையில் வழிகள் தனித்தனி. அடுத்த கேள்விக்கு இதுதான் அடிப்படை.

"இப்போ அதுல எனக்கு சந்தோஷமே இல்ல, ஆனாலும் கை தானா போகுது. ஏன்?"

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கேட்பவர்கள் பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டே கேட்பார்கள்.

குழுவில் ஒருவர் சொன்னதை அவர் அனுமதியோடு சொல்கிறேன். வேலை முடிந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். வண்டியை அணைத்துவிட்டு இறங்கமாட்டார். சாவி இன்னும் வண்டியிலேயே தொங்கும், ஒரு கை ஸ்டீயரிங் மேல், இன்னொரு கையில் போன். கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், எந்த வீடியோவும் முழுசாக ஓடாது, அவர் எதற்கும் சிரிக்கவும் மாட்டார். முன்னறை விளக்கு அணைந்து மனைவி தூங்கப் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போவார். மகன் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மனைவியின் முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்ற பயம். அந்த வீடியோக்களில் ஏதாவது பிடித்ததா என்று யாரோ கேட்டார்கள். ஒன்றுகூட ஞாபகம் இல்லை என்றார்.

பிடித்திருப்பது, இழுப்பது என்று மேலே சொன்ன இரண்டு வழிகளையும் இங்கே பொருத்திப் பாருங்கள். திரும்பத் திரும்பச் செய்யும்போது பிடித்திருப்பது மங்கிவிடுகிறது, இழுப்பு மட்டும் கூர்மையாகிறது. இடம், நேரம், ஒரு சத்தம், ஒரு வாசனை போதும், அது கிளம்பிவிடும். அதோடு ஜார்ஜ் கூப் போன்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டியபடி, நீண்ட நாள் போதைக்குப் பிறகு மூளையின் பதற்ற அமைப்பே தூக்கலாகிவிடுகிறது. பொருள் உள்ளே இல்லாத நேரமெல்லாம் எரிச்சல், பயம், வெறுமை. முதலில் வாழ்க்கையின் வலியை அடக்க எடுத்தது, பிறகு தான் உண்டாக்கிய வலியை அடக்கவே தேவைப்படுகிறது. கடனை அடைக்கக் கடன் வாங்குகிறவரின் நிலைமைதான்.

"போன், கேம் எல்லாத்தையும் குடியோட சேர்த்துப் பேசறது கொஞ்சம் ஓவர் இல்லையா?"

உடம்புக்குச் செய்யும் சேதத்தில் இரண்டும் ஒன்றில்லை. குடியைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், போனை விட்டால் யாருக்கும் வராது. ஆனால் பிடிக்கும் விதத்தில் நிறைய ஒற்றுமை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, சூதாட்டத்தைப் போதைப்பொருள் கோளாறுகளின் வரிசையிலேயே வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இடம்பெற்றது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலும்கூட நிறைய விளையாடினாலே நோய் என்று சொல்லவில்லை. கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை சாதாரணமாக 12 மாதமாவது இருப்பது என்று வரையறுத்திருக்கிறார்கள். சமூக ஊடகத்துக்கு அப்படித் தனி நோய்ப்பெயர் இல்லை.

பரிசு எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கும்போதுதான் ஒரு செயலை விடுவது மிகக் கடினம் என்று பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்தே காட்டிவிட்டார். அடுத்த வீடியோ நன்றாக இருக்கலாம், அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்கலாம். அந்த 'லாம்'தான் பிடித்து வைக்கிறது.

"நான் குடிக்கல, கேம் ஆடல, ராத்திரி பகலா வேலைதான் பார்க்கறேன். இது நல்லதுதானே?"

முதல் கேள்வியில் சொன்ன அதே அளவுகோல்தான். லீவு நாள் வந்தால் உங்களுக்கு ஓய்வாக இருக்கிறதா, பதற்றமாக இருக்கிறதா? பதற்றம் என்றால், வேலை உங்களை எதிலிருந்தோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஊர் பாராட்டும் பழக்கம் என்பதால் இதை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

"ஒரே வீட்டுல வளர்ந்த அண்ணன் தம்பி, ஒருத்தன் மட்டும் ஏன் இப்படி ஆனான்?"

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, இந்த ஆபத்தில் ஏறக்குறைய பாதி மரபு சார்ந்தது. மீதியில் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. நிதானிக்கவும் தள்ளிப்போடவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருப்பதால், சீக்கிரம் ஆரம்பிக்கிறவருக்கு ஆபத்து அதிகம். ஒரே வீடு என்றாலும் இரண்டு பேருக்கும் ஒரே வீடாக இருந்திருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. அடி ஒருவனுக்கே விழுந்திருக்கலாம்.

சூழ்நிலை எவ்வளவு பெரிய காரணம் என்பதற்கு வியட்நாம் போர் ஒரு சாட்சி. 1971 வாக்கில் அங்கே இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் சுமார் 20 சதவீதம் பேர் ஹெராயின் போன்ற பொருள்களுக்கு அடிமையாகியிருந்தார்கள். லீ ராபின்ஸ் 1971-ல் நாடு திரும்பியவர்களைத் தேடிப்போய் ஆராய்ந்தபோது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். பயமும் சாவும் சூழ்ந்த இடம் போய்விட்டது, பொருள் சுலபமாகக் கிடைப்பதும் போய்விட்டது. கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் எழுபதுகளின் கடைசியில் எலிகளைத் தனிக் கூண்டிலும், துணையும் விளையாட இடமும் உள்ள பெரிய கூண்டிலும் வைத்துப் பார்த்தார். தனிக் கூண்டு எலிகள் மார்ஃபின் கலந்த தண்ணீரை அதிகம் குடித்தன. பின்னால் இதே சோதனையைச் செய்தவர்கள் எல்லோருக்கும் இதே விடை வரவில்லை, அதனால் இதை மட்டும் வைத்து எல்லாம் தனிமையால்தான் என்று சொல்லிவிட முடியாது.

"நெனைக்காம இருந்தா தானா மறந்துடும்னு பெரியவங்க சொல்றாங்களே?"

1987-ல் டேனியல் வெக்னர் ஒரு சின்ன சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியம், தடை நீங்கிய பிறகு, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கு அதிகமாகக் கரடி வந்தது. கரடிக்கே இந்த நிலைமை என்றால் இழப்புக்கு எப்படி இருக்கும்? காலம் ஆற்றும் என்பது பொய்யில்லை, ஆனால் அந்தக் காலத்தில் கொஞ்சமாவது பேசவும் அழவும் நடந்திருக்க வேண்டும்.

"குடிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது, அதை எடுத்துட்டா எப்படித் தூங்கறது?"

தூங்கும் நேரத்தைக் குடி முன்னால் இழுக்கிறது, அது உண்மை. ஆனால் இரவின் முதல் பாதியில் கனவுத் தூக்கத்தைக் குறைத்துவிட்டு, இரண்டாவது பாதியில் திரும்பத் திரும்ப எழுப்பிவிடுகிறது. விடியற்காலையில் நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்வது அதனால்தான். அந்தப் படபடப்பை உங்கள் கவலையின் கணக்கில் எழுதி, மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகம் குடிக்கிறீர்கள். நிறுத்தியவுடன் சில வாரங்களுக்குத் தூக்கம் இன்னும் மோசமாகலாம், அதை எதிர்பார்த்தே தயாராகுங்கள். மருத்துவர் கொடுக்காத தூக்க மாத்திரைக்கு மட்டும் தாவ வேண்டாம், குடியோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

"அப்போ இது நோயா, இல்ல மனக்கட்டுப்பாடு இல்லாததா?"

மனக்கட்டுப்பாடு மட்டும் போதுமென்றால் இதில் பாதிப்பேர் என்றைக்கோ வெளியே வந்திருப்பார்கள், அவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். மூளை மாறுகிறது என்பது நிஜம், அந்த மாற்றம் நிரந்தரச் சிறை இல்லை என்பதும் நிஜம். 2000-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, சிகிச்சைக்குப் பிறகு பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறவர்களின் அளவு 40 முதல் 60 சதவீதம் என்றும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மறுபடி மோசமாகும் அளவுக்கு இது நெருக்கமானது என்றும் காட்டியது. ஆஸ்துமா திரும்பினால் யாரும் திட்டுவதில்லை. நோய் என்று சொல்வதால் பொறுப்பு போய்விடாது, சிகிச்சை எடுக்கும் பொறுப்பு அவருடையதுதான்.

"எல்லை மீறிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

எவ்வளவு என்று எண்ணுவதைவிட, மறைக்கிறீர்களா என்று பாருங்கள். பொய் சொல்ல ஆரம்பித்திருந்தால், குறைக்க முயன்று முடியவில்லை என்றால், முன்பு பிடித்த விஷயங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்திருந்தால், யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே கோபம் வந்தால் உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எதையும் யோசிக்காமல் இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

"சரி, ஆசை வர்ற அந்த நிமிஷத்துல என்ன செய்றது?"

ஆசை ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரைமணிக்குள் தணியும். அதற்கு இடம்கொடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றுவது அதன் உச்சியில் இருப்பதால்தான். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் கற்றுக்கொடுத்த முறை, அதோடு சண்டை போடாமல் அது உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி மாறுகிறது என்று கவனித்துக்கொண்டே அதைக் கடப்பது. தொண்டையில் இறுக்கமா, வயிற்றில் பிசைவா, கையில் துறுதுறுப்பா?

கூடவே அந்த உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். 'ஒரு மாதிரியா இருக்கு' என்பது போதாது. அவமானமா, ஏக்கமா, பொறாமையா, பயமா? மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 ஆய்வில், உணர்ச்சி காட்டும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைச் சொன்னபோது பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் வேகம் குறைந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்தவர் முதல்முறையாகப் போனை வைத்துவிட்டு 'எனக்கு அவ முகத்தைப் பார்க்கப் பயமா இருக்கு' என்று சத்தமாகச் சொன்னாராம். அன்றைக்கு விளக்கு எரியும்போதே உள்ளே போனார்.

"இன்னைக்கே மொத்தமா நிறுத்திடலாம்னு இருக்கேன். சரியா?"

சிகரெட், போன், சூதாட்டம் என்றால் தாராளமாக. தினமும் நிறையக் குடிப்பவரும், பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ கொடுக்கும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளை நீண்ட நாள் எடுப்பவரும் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. குடியை நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தினால் இதைத் தடுக்க முடியும். குடிக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளுக்கு புப்ரெனார்ஃபின், மெத்தடோன் என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. மருந்து எடுப்பது ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

"இத்தனை நாள் கட்டுப்பாடா இருந்தேன், நேத்து வழுக்கிட்டேன். எல்லாம் போச்சுல்ல?"

போகவில்லை. வழுக்கலைவிட 'எல்லாம் போச்சு' என்ற எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது என்று மார்லட்டும் எழுதியிருக்கிறார். அந்த எண்ணம் வெட்கத்தைக் கொண்டுவருகிறது, வெட்கம் ஒரு வலி, அந்த வலிக்குத் தெரிந்த மருந்து பழைய பழக்கம். நேற்று எந்த நேரத்தில், எதற்கு முன்னால் நடந்தது என்று எழுதி வையுங்கள், உங்களுக்கு அடிபடும் இடம் எது என்று அது காட்டும்.

ஹெராயின் போன்றவற்றில் இருந்து விலகியிருந்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே உயிரைக் குடிக்கும்.

"என் வீட்டுக்காரர் உதவியே வேணாம்கறார். திட்டியும் பார்த்தாச்சு, கெஞ்சியும் பார்த்தாச்சு. நான் என்னதான் செய்றது?"

முதலில், இது உங்களால் வந்ததில்லை. அப்புறம், திட்டு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு மேலே பதில் இருக்கிறது: வெட்கம் கூடினால் ஓட்டமும் கூடும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கு மூன்று விதமான பயிற்சி கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 1999-ல் வெளியானது. தெளிவான நேரத்தில் அன்பாகப் பேசுவது, குடிக்காத நாளை நல்ல நாளாக்குவது, குடித்ததன் விளைவைத் தான் சுமக்காமல் விடுவது என்று கற்றுக்கொடுத்த குழுவில் 64 சதவீதம் பேரின் உறவினர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து முகத்துக்கு நேரே கேட்கும் முறையில் 30 சதவீதம், குடும்பத்தாரை விலகி நிற்கப் பழக்கும் முறையில் 13 சதவீதம்.

அன்பாகப் பேசுவது என்றால் பொறுத்துப்போவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுவலகத்துக்குப் பொய் சொல்ல வேண்டாம், கடனை அடைக்க வேண்டாம். கை நீட்டுகிறார் என்றால் இந்த யோசனை எதுவும் உங்களுக்கு இல்லை, பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை.

"முதல்ல மனசைச் சரி பண்ணணுமா, பழக்கத்தையா?"

இரண்டையும் சேர்த்து. பழக்கம் மட்டும் போதும், மனசு தானாகச் சரியாகும் என்று விட்டால் வலி வேறு கதவைத் தேடும். குடியை விட்டவர் சூதாட்டத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். மனசு ஆறட்டும், பிறகு பழக்கத்தைப் பார்க்கலாம் என்றால், தினம் மங்கிப்போன மனசில் எதுவும் ஆறாது. கவுன்சலிங் போகிறவர்கள் இரண்டையும் ஒரே இடத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே குடியை மறைப்பவர்கள் நிறைய பேர், அந்த வைத்தியம் பாதிதான் வேலை செய்யும்.

"விட்டாச்சு. ஆனா முன்னைவிட இப்போதான் ரொம்ப வலிக்குது. அப்போ எதுக்கு விட்டேன்?"

இதை முன்கூட்டியே யாரும் சொல்லி வைக்காததுதான் கொடுமை. இரண்டு வலி ஒன்றாக வருகிறது. ஒன்று, உடம்பும் மூளையும் பழைய சமநிலைக்குத் திரும்பும்போது வரும் எரிச்சலும் வெறுமையும். எதிலும் ருசி இல்லாதது போல இருக்கும், அது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருந்து மெல்லக் குறையும். இன்னொன்று, இத்தனை வருடமாகப் பார்க்காமல் வைத்திருந்தது. அதற்கு வயதே ஆகியிருக்காது. பத்து வருடத்துக்கு முன் நடந்த சாவுக்கு இப்போதுதான் அழுகை வரும்.

முதல் வலிக்கு நேரமும், தூக்கமும், உடம்பை அசைப்பதும், தேவைப்பட்டால் மருந்தும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். அது கவுன்சலராக இருக்கலாம், குழுவாக இருக்கலாம், கூடப் பிறந்தவராக இருக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. பெரிய வன்முறையோ துன்புறுத்தலோ பின்னால் இருந்தால், அதைப் பயிற்சி பெற்றவரோடு சேர்ந்து மெதுவாகத் திறப்பதுதான் பத்திரம். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதை வலி குறைவாக இருக்கும் ஒரு காலையில் முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். மோசமான இரவில் அதையெல்லாம் யோசிக்கும் நிலைமையில் யாரும் இருப்பதில்லை.